உஷார்! டிக்கெட்டில் இல்லாத டிப்ஸ் பில்

கப்பல் சுற்றுலா விளம்பரங்கள் இப்போது கைப்பேசியைத் திறந்தாலே வந்து நிற்கின்றன. சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு, மத்தியதரைக் கடலில் ஏழு இரவு, தலைக்கு இவ்வளவுதான், சாப்பாடும் தங்கலும் ஷோவும் அடக்கம் என்று கொட்டை எழுத்தில் ஒரு தொகை. அந்தத் தொகையை மட்டும் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "டிப்ஸ் இதில் சேர்த்தியா, தனியா?"

"அது உங்க இஷ்டம் சார், பிடிச்சா குடுங்க" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். இன்றைய பெரிய கப்பல்களில் பெரும்பாலானவற்றில் டிப்ஸ் உங்கள் இஷ்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தலைக்கும், தானாகவே உங்கள் அறைக் கணக்கில் ஏறிவிடுகிறது. அதற்கு வைத்திருக்கும் பெயர் கிராஜுவிட்டி, அல்லது சர்வீஸ் சார்ஜ். நீங்கள் யாருக்கும் எதுவும் கொடுக்காமலே பில் வளர்ந்துகொண்டிருக்கும்.

எவ்வளவு என்று பார்ப்போம். ராயல் கரீபியன் 2025-ல் வைத்திருந்த கணக்குப்படி சாதாரண அறையில் தங்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர், சூட் என்றால் 21 டாலர். நார்வீஜியன் கப்பல்களில் சாதாரண அறைக்கே 20 டாலர் என்றானது. கார்னிவல் 2023-ல் 16 டாலருக்கு வந்தது. வருடங்கள் போகப் போக இந்தத் தொகைகள் ஏறிக்கொண்டேதான் வருகின்றன. இப்போது அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஏழு இரவு என்று வையுங்கள். 18.50-ஐ நாலால் பெருக்கி, அதை ஏழால் பெருக்கினால் 518 டாலர். டாலர் 85 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 44,000 ரூபாய்! பிள்ளைகளுக்குப் பாதிதானே இருக்கும் என்று நினைக்காதீர்கள். ராயல் கரீபியனில் வயது வித்தியாசமே கிடையாது, கைக்குழந்தைக்கும் அதே 18.50. கார்னிவலில் இரண்டு வயதுக்குக் கீழும் நார்வீஜியனில் மூன்று வயதுக்குக் கீழும் இருந்தால்தான் விலக்கு. இந்த மொத்தத்தையும் நம் ஊர் கிரெடிட் கார்டில் கட்டும்போது வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் என்று பெரும்பாலான வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை பிடிக்கும். அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி வேறு.

இது தினசரி டிப்ஸ் மட்டும்தான். பார், ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், ஸ்பா எல்லாம் இந்தக் கணக்கில் வராது. அங்கே நடப்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள்.

பாரில் ஒரு மாக்டெயில் கேட்கிறீர்கள். விலை 10 டாலர். கப்பலில் அறைச் சாவியும் பர்ஸும் ஒரே அட்டைதான், அதை நீட்டுகிறீர்கள். ஒரு சின்னச் சீட்டு வருகிறது. மேலே 10.00. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 1.80, அதாவது 18 சதவீத கிராஜுவிட்டி. அதற்கும் கீழே ஒரு கோடு, பக்கத்தில் 'கூடுதல் டிப்ஸ்', இடம் காலி. அடுத்து மொத்தம், அதுவும் காலி. கடைசியில் கையெழுத்து. பேனாவை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் பணியாளர் சிரித்த முகமாக நிற்கிறார். காலியாக இருக்கிறதே, ஒன்றும் போடாவிட்டால் மரியாதை இல்லையே என்று கூச்சப்பட்டு இரண்டு டாலர் எழுதுகிறோம். ஒரே கோப்பைக்கு இரண்டு முறை டிப்ஸ் கொடுத்தாயிற்று. கொடுத்தது தெரிந்தே கொடுத்ததானால் நல்லது, அது அந்தப் பணியாளருக்குப் போகட்டும். பொடி எழுத்தைப் படிக்காமல் கொடுத்ததானால் அது நம் பணம் நமக்குத் தெரியாமல் போன கதை. காலி இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, மேலே இருக்கும் இரண்டு தொகையையும் கூட்டிக் கீழே எழுதிக் கையெழுத்துப் போடுவதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

இதைவிட மோசமான பள்ளம் 'இலவச' பானப் பாக்கேஜ். நார்வீஜியன் போன்ற கம்பெனிகள் டிக்கெட்டோடு பானம் இலவசம் என்று தரும் சலுகையில், பாக்கேஜின் விலை மட்டும்தான் தள்ளுபடி. அந்த விலைக்கு உண்டான 20 சதவீத கிராஜுவிட்டியை முன்னாலேயே கட்ட வேண்டும். அது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 டாலரைத் தாண்டும். மதுவைத் தொடாத ஒரு தம்பதி ஏழு இரவுக்கு இந்தச் 'சலுகை'யை வேண்டாமென்று சொல்லாமல் விட்டால் 280 டாலருக்கு மேல் கட்டி, ஆரஞ்சு ஜூஸ் குடித்துவிட்டு வருவார்கள். வேண்டாம் என்று புக்கிங் நேரத்திலேயே சொல்லலாம். ஆனால் ஏஜென்ட் தானாக எடுத்துவிடுவார் என்று நம்பி இருக்கக் கூடாது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் குடிக்கவே மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். கேட்காமல் இருந்தால் அவரும் சொல்லாமல் இருந்துவிடலாம்.

இன்னொன்றும் நடக்கிறது. சில ஏஜென்டுகள் பாக்கேஜ் பணத்தோடு 'கப்பல் டிப்ஸ்' என்று ஒரு தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள். அது கப்பல் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பவர்கள் குறைவு. ஏஜென்ட் கொடுக்கும் ரசீது போதாது. கப்பல் கம்பெனியின் பெயரில் வரும் இன்வாய்ஸைக் கேட்டு வாங்குங்கள். அதில் 'ப்ரீபெய்ட் கிராஜுவிட்டி' என்று ஒரு வரி இருக்க வேண்டும், எதிரே தொகை இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் கப்பலேறிய முதல் நாளிலிருந்தே உங்கள் கணக்கில் டிப்ஸ் மறுபடி ஏறத் தொடங்கும். முன்கூட்டியே கட்டுவதில் ஒரு லாபமும் உண்டு: கட்டிய பிறகு கம்பெனி தொகையை உயர்த்தினால் பெரும்பாலும் பழைய தொகையே செல்லும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்படியானால் கப்பலேறியதும் கவுன்டருக்குப் போய் டிப்ஸை எடுக்கச் சொல்லிவிடலாமே" என்று தோன்றும். முடியும். பல கம்பெனிகளில் வரவேற்புக் கவுன்டரில் சொன்னால் குறைப்பார்கள், எடுத்தும் விடுவார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் இதை ஒரு தந்திரம்போலப் பரப்புகிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் பயப்படுவது அதைப் பார்த்துத்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் அறையைத் தினமும் ஒழுங்குபடுத்தும் பணியாளரும், சாப்பாட்டு மேசையில் உங்கள் பிள்ளைக்கு மிளகாய் ஆகாது என்பதை முதல் நாளே மனதில் வைத்துக்கொண்டவரும் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியாவைச் சேர்ந்தவர்கள். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்த நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். ஆறு மாதம், எட்டு மாதம் என்று ஒப்பந்தம். அந்தக் காலம் முழுக்க ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதுவும் கிடையாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஒரு நாளில் 14 மணி நேரம், ஏழு நாளில் 72 மணி நேரம் வரை வேலைக்கு இடம் தருகிறது. அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் இவர்களில் பலரின் வாரம் ஓடுகிறது. கப்பல்கள் பதிவாகியிருப்பதோ பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில். கப்பல் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்தே கிளம்பினாலும் அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி அந்தப் பணியாளருக்குக் கிடையாது.

இதில் டிப்ஸ் என்பது சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் சில்லறை இல்லை. டிப்ஸை நம்பியிருக்கும் வேலைகளுக்குச் சில ஒப்பந்தங்களில் ஒரு குறைந்தபட்ச மாத வருமானம் உறுதி செய்யப்பட்டிருக்கும்; பயணிகள் கட்டும் கிராஜுவிட்டியும் சேர்ந்துதான் அந்தத் தொகை எட்டப்படும். நீங்கள் கவுன்டரில் எடுக்கச் சொல்லும் 518 டாலர் கம்பெனியின் லாபத்தில் குறையாது. பெயர் தெரியாத பத்துப் பேரின் மாதக் கணக்கில் குறையும். "அதை எடுத்துவிட்டு ரூம் பையனுக்கு நேரடியாகக் கையில் கொடுத்துவிடுகிறேன்" என்று நல்ல மனதோடு சிலர் சொல்கிறார்கள். சில கம்பெனிகளில், தானாக ஏறும் டிப்ஸை நீங்கள் எடுத்துவிட்டிருந்தால், அவர் கையில் கொடுத்த பணத்தையும் அவர் பொதுத்தொகையில் சேர்த்தாக வேண்டும். தவிர, உங்கள் படுக்கை விரிப்பைத் துவைத்த சலவைக்கூடத்துக்காரரையும், பாத்திரம் கழுவியவரையும் நீங்கள் பார்க்கப்போவதே இல்லை. அவர்களுக்குப் பங்கு போவது அந்தப் பொதுத்தொகையிலிருந்துதான்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. தொழிலாளியின் சம்பளத்தைப் பயணியின் தலையில் தனி வரியாக எழுதி, அதை விளம்பர விலையில் காட்டாமல் மறைப்பவர்கள் கம்பெனிக்காரர்கள். வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019-ல் தினசரி டிப்ஸ் கட்டணத்தையே எடுத்துவிட்டு டிக்கெட் விலையில் அடக்கியது. ரீஜென்ட் செவன் சீஸ், சில்வர்சீ, சீபோர்ன் போன்ற உயர்விலைக் கப்பல்களிலும் டிப்ஸ் டிக்கெட்டுக்குள் அடக்கம். அந்த டிக்கெட் நமக்கு எட்டாத விலைதான். ஆனால் விலையை முழுசாகச் சொல்வதற்குக் கப்பல் உயர்ரகமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லையே.

நமக்குச் சட்டத் துணையும் கொஞ்சம் இருக்கிறது. முதலில் ஒரு விலையைக் காட்டி, பணம் கட்டும் கட்டத்தில் ஒவ்வொரு கட்டணமாக ஏற்றுவதை, இந்திய அரசு 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்கள் நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை உத்திகளில் ஒன்றாகப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. இந்தியாவில் விற்கும் ஆன்லைன் தளங்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் அது பொருந்தும். இங்கேயிருந்து, இங்குள்ள தளத்தில் புக் செய்தபோது கட்டாயக் கட்டணத்தை மறைத்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரெஸ்டாரன்டில் சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல் கொடுத்த தீர்ப்பு நம் நாட்டு ரெஸ்டாரன்டுகளுக்கானது. அதைக் காட்டிக் கடலில் போகும் வெளிநாட்டுக் கப்பலில் வாதாட முடியாது.

கப்பலை விட்டு இறங்கி, கோச் பஸ்ஸில் போகும் குரூப் டூருக்கு வருவோம். இங்கே பணம் கணக்கில் ஏறுவதில்லை, கையில் வாங்குகிறார்கள். அதனால் ஆபத்து கூடுதல்.

டூர் கம்பெனி அனுப்பும் பிடிஎஃப்-ஐ எடுத்துக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். முதல் பக்கங்களில் ஈஃபில் கோபுரமும் சுவிஸ் பனிமலையும் வண்ணப் படமாக இருக்கும். 'இதில் அடங்காதவை' என்ற பட்டியல் கடைசியில், பொடி எழுத்தில் இருக்கும். விசா, இன்ஷூரன்ஸ், சலவை என்று போகும் அந்தப் பட்டியலின் நடுவே ஒரு வரி: டிரைவர், கைடு, டூர் மேனேஜருக்கான டிப்ஸ், தலைக்கு நாளைக்கு இத்தனை யூரோ, கட்டாயம். பாக்கேஜ் விலையில் இல்லாத ஒரு கட்டாயத்தை டிப்ஸ் என்று எழுதியிருக்கிறார்கள். முதல் நாளோ இரண்டாம் நாளோ பஸ்ஸில் மைக்கைப் பிடித்து டூர் மேனேஜர் அறிவிப்பார், கவர் ஒன்று சீட் சீட்டாகச் சுற்றி வரும். ரசீது கிடையாது.

40 பேர் கொண்ட குரூப், பத்து நாள், தலைக்கு மூன்று யூரோ. 1,200 யூரோ அந்தக் கவரில் சேர்கிறது. ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். இதில் டிரைவருக்கு எவ்வளவு, ரோமில் அரை நாள் வந்த உள்ளூர் கைடுக்கு எவ்வளவு, கூட வரும் சமையல்காரருக்கு எவ்வளவு? கேளுங்கள், அதுவும் எல்லார் முன்னாலும் கேளுங்கள். "நாங்களே எங்கள் கையால் டிரைவரிடம் கொடுத்துவிடுகிறோம், நீங்கள் பிரித்துச் சொல்லுங்கள்" என்று குரூப்பில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நயமாகச் சொன்னால் நேர்மையான டூர் மேனேஜர் சந்தோஷமாகச் சம்மதிப்பார். அவர் முகம் மாறினால் உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும். பெரும்பாலான டூர் மேனேஜர்கள் நடுராத்திரியில் மாத்திரை தேடி ஓடுகிறவர்கள். அவர்களுக்குக் கொடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கணக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

டிரைவர் விஷயத்தில் பணத்தைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று. "அண்ணனுக்கு எக்ஸ்ட்ரா ஐம்பது யூரோ கொடுத்துவிடுவோம், அந்த அருவியையும் பார்த்துவிட்டு ராத்திரி ஹோட்டலுக்குப் போகலாம்" என்று குரூப்பில் யாராவது சொல்வார்கள். அதை அப்போதே தடுத்துவிடுங்கள். ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை, ஒரு நாளில் ஒன்பது மணி நேர ஓட்டம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து, இரவில் வழக்கமாக 11 மணி நேர ஓய்வு. வண்டியிலிருக்கும் கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்கிறது. போலீஸ் நிறுத்தினால் அபராதம் டிரைவர் மேலும் வரும். தூக்கக் கலக்கத்தில் ஓட்டினால் வருவது அபராதத்தோடு நிற்காது. அந்த ஐம்பது யூரோவை டிப்ஸ் என்று சொல்லவே கூடாது.

தாய்லாந்து, வியட்நாம் பக்கம் போகிறவர்கள் வேறு ஒரு வலையைக் கவனிக்க வேண்டும். விமானக் கட்டணத்தைக் கழித்தால் ஹோட்டலுக்கே காணாத விலையில் டூர் விற்கிறார்களே, அது எப்படிக் கட்டுப்படியாகிறது? உள்ளூர் ஏஜென்சிக்குக் கிடைப்பது செலவுக்கும் குறைவான தொகை. சில நேரம் கைடே தலைக்கு இவ்வளவு என்று கட்டி அந்தக் குரூப்பை 'வாங்குகிறார்'. போட்ட பணத்தை அவர் நகைக்கடை, ரத்தினக் கடை, தோல் கடை கமிஷனிலும் உங்கள் டிப்ஸிலும்தான் எடுத்தாக வேண்டும். கடையில் யாரும் எதுவும் வாங்காத நாளில் பஸ்ஸுக்குள் கைடின் குரல் மாறுவது அதனால்தான். சீனா 2013 அக்டோபரில் அமலுக்கு வந்த சுற்றுலாச் சட்டத்தில் இப்படி அநியாயக் குறைந்த விலையில் ஆளைக் கூட்டிவந்து கடையில் தள்ளுவதைத் தடை செய்தது. தாய்லாந்து 2016-ல் இந்த வகை டூர் நடத்தியவர்கள் மீது பெரிய நடவடிக்கை எடுத்தது. அதற்குப் பிறகும் பாங்காக் பயணத் திட்டங்களில் ரத்தினக் கடை நிறுத்தம் மறையவில்லை. நிகழ்ச்சி நிரலில் எத்தனை கடை என்று முன்பே கேட்டு, வாங்காமல் வெளியே உட்கார்ந்திருக்க உரிமை உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள்.

ஐரோப்பிய நகரங்களில் 'இலவச' நடைச் சுற்றுலா என்று குடை பிடித்து நிற்பார்களே, அங்கேயும் இதே கணக்குதான். பல கம்பெனிகள் கைடுக்குச் சம்பளம் தருவதில்லை. வந்த ஒவ்வொரு தலைக்கும் கைடுதான் கம்பெனிக்குப் பணம் கட்டுகிறார். ஆரம்பத்தில் எல்லாரையும் நிறுத்தி எடுக்கும் குரூப் போட்டோ பெரும்பாலும் தலையெண்ணத்தான். இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டு ஒன்றும் கொடுக்காமல் நழுவினால் அந்த இளைஞர் உங்களுக்காகக் கைக்காசு கட்டியிருப்பார். இலவசம் என்ற வார்த்தையை நம்பிக் குடும்பத்தோடு போய் நிற்காதீர்கள். போனால் கொடுத்துவிட்டு வாருங்கள்.

தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலை ஏறப் போகும் இளைஞர்கள் நம் ஊரிலும் பெருகிவிட்டார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிப்ஸ் வழிதவறுவதால் பசியோடு வீடு போகும் மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். இரண்டு பேர் ஏறினால்கூடத் தலைமை கைடு, உதவி கைடு, சமையல்காரர், போர்ட்டர்கள் என்று சுற்றிலும் ஒரு பெரிய குழு வரும். போர்ட்டர் ஒருவர் 20 கிலோ வரை சுமக்கலாம் என்பது பூங்கா விதி. டெண்ட், அடுப்பு, உங்கள் மூட்டை எல்லாம் அவர்கள் முதுகில்தான். வழக்கமாகச் சொல்லப்படும் டிப்ஸ், குழு முழுவதும் சேர்ந்து, தலைமை கைடுக்கு நாளைக்கு 20 முதல் 25 டாலர், போர்ட்டர் ஒருவருக்கு 6 முதல் 10 டாலர். ஏழு நாள் பயணத்தில் இது பல நூறு டாலர். பாக்கேஜ் விலையில் அது கிடையாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் போய், கடைசி நாளில் கையில் ஐம்பது டாலரோடு நிற்பவர்களால் போர்ட்டர்களுக்குப் பெரிய அநியாயம் நடந்துவிடுகிறது.

தொகை சரியாக இருந்தாலும் இன்னொரு ஓட்டை உண்டு. மொத்தப் பணத்தையும் ஒரு கவரில் போட்டுத் தலைமை கைடு கையில் கொடுத்துவிட்டால் போர்ட்டர் கைக்கு எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு இதற்காகவே அங்கே வேலை செய்கிறது. டிப்ஸ் வெளிப்படையாகப் போர்ட்டர் கைக்கே போக வேண்டும் என்பது அது வலியுறுத்தும் விஷயங்களில் ஒன்று. கடைசி நாள் எல்லாரும் கூடி நின்று பாட்டுப் பாடுவார்களே, அப்போது ஒரு தாளில் எந்த வேலைக்கு எவ்வளவு என்று எழுதி, எல்லார் காதிலும் விழும்படி வாசியுங்கள். போர்ட்டர் பங்கை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். அதற்குச் சின்ன நோட்டுகள் வேண்டும். பழைய வருடத்து டாலர், கிழிந்தது, பேனாவால் கிறுக்கியது எதையும் தான்சானியாவில் வாங்கத் தயங்குவார்கள், மாற்றுவதும் கஷ்டம். புது நோட்டாகப் பார்த்து இங்கேயே வாங்கிச் செல்லுங்கள்.

நாணயமும் அப்படித்தான். எகிப்தில் நைல் நதிக் கப்பலிலிருந்து இறங்கும்போது பணியாளர் ஒருவர் கையளவு யூரோ நாணயத்தை நீட்டி, "நோட்டாக மாற்றித் தர முடியுமா?" என்று கேட்டால் பிச்சை என்று விலகிப் போகாதீர்கள். சுற்றுலாப் பயணிகள் டிப்ஸாக வீசிவிட்டுப் போன சில்லறை அது. அந்நிய நாணயத்தை வங்கி மாற்றித் தராது. அவர் கையில் அது வெறும் உலோகம். மீந்த சில்லறையைத் தள்ளிவிடும் இடமாக அவரை நினைக்காமல் உள்ளூர் நோட்டாகக் கொடுங்கள். அதே எகிப்தில் பிரமிட் பக்கம் ஒட்டகத்தில் ஏற்றிவிட்டு, இறக்கிவிட வேறு பணம் கேட்பார்கள். ஏறும் முன்பே ஏற்றி இறக்க மொத்தம் எவ்வளவு என்று பேசி முடிக்க வேண்டும். ஜோர்டானின் பெட்ராவில் நுழைவுச் சீட்டிலேயே குதிரைச் சவாரி அடக்கம் என்று சொல்லி ஏற்றுவார்கள். அது உண்மைதான், ஆனால் இறங்கும்போது டிப்ஸ் கேட்டு நிற்பார்கள். நடக்க முடிகிறவர்கள் நடந்தே போகலாம்.

டிப்ஸே வேண்டாத நாடுகளும் உண்டு. ஜப்பானில் மேசையில் பணம் வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்கள். சிங்கப்பூரில் மெனு விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சர்வீஸ் சார்ஜும், அதன் மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. 100 டாலர் சாப்பாடு 119.90 ஆகும். அதற்கு மேல் ஒன்றும் வைக்க வேண்டாம். அமெரிக்கா நேர் எதிர். டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி 1991-லிருந்து மணிக்கு வெறும் 2.13 டாலர்தான். பல மாநிலங்கள் அதைவிட அதிகம் வைத்திருந்தாலும், அந்த 2.13 இன்னும் செல்லுபடியாகும் மாநிலங்கள் இருக்கின்றன. அங்கே 18, 20 சதவீதம் கொடுக்காமல் வருவது இன்னொருவர் கூலியைப் பிடித்துக்கொள்வதற்குச் சமம்.

முன்பணம் கட்டும் முன் ஏஜென்டுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். போனில் கேட்டால் போனிலேயே போய்விடும். தினசரி கிராஜுவிட்டி தலைக்கு எவ்வளவு, குழந்தைக்கு எவ்வளவு, எந்த நாணயத்தில்? முன்கூட்டியே கட்டினால் கப்பல் இன்வாய்ஸில் அது வருமா? பானப் பாக்கேஜ் எடுத்திருக்கிறீர்களா, அதற்கு கிராஜுவிட்டி உண்டா? டூரில் கட்டாய டிப்ஸ் இருந்தால் யாரிடம் கொடுக்க வேண்டும், ரசீது உண்டா? பதில் எழுத்தில் வந்த பிறகு பணம் அனுப்புங்கள். பதிலே வராவிட்டால் வேறு ஏஜென்டைப் பாருங்கள்.

கப்பலேறியதும் டெபிட் கார்டோ ஃபாரக்ஸ் கார்டோ பதிவு செய்யாமல் கிரெடிட் கார்டைக் கொடுப்பது நல்லது. இல்லையென்றால் செலவுக்காக நிறுத்திவைக்கும் பணம் ஊர் திரும்பிப் பல நாள் கழித்தே விடுபடும். அறை டிவியிலோ கப்பல் ஆப்பிலோ தினமும் ஒரு தடவை கணக்கைப் பாருங்கள். இறங்கும் நாளுக்கு முந்தின நாள் மதியமே கவுன்டருக்குப் போய் மொத்தக் கணக்கையும் அச்செடுத்துக் கேளுங்கள். இரவானால் வரிசை நீளும். காலையில் எல்லாரும் பெட்டியோடு நிற்பார்கள், பேச நேரமிருக்காது. கப்பலை விட்டு இறங்கிய பிறகு தப்பாக ஏறியதைத் திரும்ப வாங்குவது மிகக் கஷ்டம். ஸ்பெஷலாகக் கவனித்துக்கொண்ட பணியாளருக்குத் தனியாகக் கொடுக்க நினைத்தால் அன்று மாலையே நேரில் கொடுத்துவிடுங்கள். கடைசி நாள் காலை அவர் எந்தத் தளத்தில் வேலையாக இருப்பார் என்று தேட முடியாது.